லயன் வீடு இடிபடும் முன்

மலேசியாவின் கோலா குபு பாருவே இடம் மாறிய ஊர்தான். 1883-இல் அணை உடைந்து பழைய கோலா குபுவை வெள்ளம் அழித்தது. அதன் பிறகும் வெள்ளத் தொல்லை ஓயாததால், 1920-களில் நகரத் திட்ட வல்லுநர் சார்ல்ஸ் ரீட் வகுத்த திட்டத்தின்படி புதிய ஊர் உருவானது. அப்போது கட்டிய கடைவீடுகளில் பல இன்றும் நிற்கின்றன. பழைய ஊரின் தெருக்களில் நடந்து பார்க்கத்தான் இனி வழியில்லை.

சுற்றுவட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர்கள் வரிசையாக வாழ்ந்த லயன் வீடுகளுக்கும் அதே கதி நேர்ந்து வருகிறது. ரப்பர் செம்பனையானது, செம்பனை வீடமைப்பானது. நம் தாத்தா பாட்டிகள் வாழ்ந்த பலகை வீடுகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. ஆனால் இடிபடும் முன் அளந்துவைக்க முடியும். மெய்நிகர் தொழில்நுட்பம் இதற்கு உதவும்.

முக்காலியில் நிற்கும் லேசர் ஸ்கேனர் சுழன்றபடி ஒளியைப் பாய்ச்சுகிறது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. நொடிக்கு இலட்சக்கணக்கான புள்ளிகள், சில மில்லிமீட்டருக்குள் துல்லியம். தூணுக்குப் பின்னால் இருப்பது அதன் கண்ணில் படாது. எனவே குசினி, முன்வாசல், கூரையடி என்று இடம் மாற்றி மாற்றி வைத்து எடுத்து, எல்லாவற்றையும் கணினியில் இணைக்கவேண்டும். இணைத்த வீட்டுக்குள் நின்று பார்க்கத் தலையில் மாட்டும் கருவி வேண்டும். அது இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படங்களைக் காட்டுவதால் ஆழம் தெரிகிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் கூடவே திரும்புகிறது.

இப்படி எடுத்த அளவின் அருமை உகாண்டாவில் தெரிந்தது. புகாண்டா மன்னர்களின் கசூபி கல்லறை மாளிகை மரமும் புல்லும் கொண்டு கட்டப்பட்டது. பாரம்பரியச் சின்னங்களை இலக்கமுறையில் பதிவு செய்யும் சையார்க் அமைப்பு 2009-இல் அதை லேசரால் பதிவு செய்தது. 2010 மார்ச்சில் மாளிகை எரிந்தது. எரிவதற்கு முந்தைய அளவுகள் கையில் இருந்தன. பல ஆண்டு மறுகட்டுமானத்துக்குப் பின், 2023-இல் அது ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரியச் சின்னங்களின் யுனெஸ்கோ பட்டியலிலிருந்து நீங்கியது. அதை மீண்டும் எழுப்ப, புல் வேயத் தெரிந்த கைகளும் வேண்டியிருந்தன என்பதை மறக்கக் கூடாது.

ஸ்கேனருக்கு மேற்பரப்புதான் தெரியும். அடுப்புக்கு மேலே கரி படிந்த பலகை தெரியும். அங்கே யார் சமைத்தார்கள், சாமி மாடம் எந்த மூலையில் இருந்தது என்பது தெரியாது. ஆகவே அந்த லயத்தில் வளர்ந்த பெரியவர்களை அழைத்துவந்து கருவியை மாட்டிவிட்டு, அவர்கள் கைகாட்டிச் சொல்வதையெல்லாம் ஒலிப்பதிவு செய்யவேண்டும் என்பேன். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

விலையுயர்ந்த ஸ்கேனர் இல்லாமலும் தொடங்கலாம். நல்ல கைப்பேசி போதும். வீட்டைச் சுற்றி வந்து, ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்ததிலும் விழும்படி நூற்றுக்கணக்கில் எடுத்தால், மென்பொருள் அவற்றைக் கோத்து முப்பரிமாண உருவமாக்கித் தரும். சுவரோரம் அளவுகோல் ஒன்றைச் சாத்தி வைத்துவிட்டால் உண்மையான அளவும் கிடைக்கும். கோப்புகளை ஒரே கணினியில் விட்டுவிடாமல் தோட்டப்பள்ளியிலும் நூலகத்திலும் பிரதி வைக்கவேண்டும்.