கம்ப்யூட்டருக்குத் தேதி தெரியலை!



நம்ம லேப் மூலையில் இருக்கிற பழைய கம்ப்யூட்டரை எல்லாருக்கும் தெரியும். "ஓடாததை எதுக்கு வச்சிருக்கணும், பழைய சாமானோட சேர்த்திடலாம்" என்று டிசம்பரில் பேச்சு வந்தது. அறிவியல் டீச்சர்தான் ஒரு வாரம் டைம் கேட்டு வாங்கினாங்க. பொங்கல் லீவு முடிந்ததும் ஆறாம் வகுப்புக்கு ராத்திரி வானம் காட்டணும், அதுக்கு ஸ்டெல்லேரியம் வேணும். "நீ ஏத்திப் பாரும்மா" என்று என்னிடம் விட்டுட்டாங்க. எனக்குக் கை நடுங்கியது.

ஸ்டெல்லேரியம் என்பது எந்த ஊரில், எந்த நேரத்தில் வானம் எப்படி இருக்கும் என்று திரையில் காட்டும் மென்பொருள். இதை 2000-ஆம் ஆண்டு பிரான்ஸைச் சேர்ந்த ஃபாபியன் ஷெரோ தொடங்கினார். காசு கிடையாது.

அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது உபுண்டு லினக்ஸ். நெட் இல்லாமல் பென்டிரைவிலிருந்து போட்டது. லினக்ஸில் மென்பொருள் ஏற்றுவது ரேஷன் கடை மாதிரி. இன்டர்நெட்டில் ஒரு பெரிய கிடங்கு இருக்கு. 'ஆப்ட்' என்பது நமக்காகக் கடைக்குப் போய்வரும் ஆள். முதலில் 'சுடோ ஆப்ட் அப்டேட்' என்றால் கிடங்கில் என்னென்ன இருக்கு என்ற பட்டியலை வாங்கி வரும். பிறகு 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஸ்டெல்லேரியம்' என்றால் பொருளை எடுத்து வரும். (தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டணும். இங்கே உச்சரிப்பு மட்டும்.)

நான் அவசரத்தில் இரண்டாவதை முதலில் தட்டினேன். 'அப்படி ஒரு பொருளே காணோம்' என்ற மாதிரி ஆங்கிலத்தில் வந்தது. பட்டியலே வாங்காமல் பொருள் கேட்டால் வேறு என்ன சொல்லும்? டீச்சர் போன் நெட்டை இணைத்து அப்டேட் கொடுத்தேன். திரை நிறைய வரிகள் ஓடின, கடைசியில் மறுபடியும் பிழை. நெட் சரியில்லை என்று நினைத்து நாலு தடவை அதையே தட்டினேன். இரண்டு நாள் இப்படியே வீணாப் போச்சு.

மூன்றாம் நாள் டீச்சர், "ஏம்மா, அது என்ன சொல்லுதுன்னு படிச்சியா?" என்று கேட்டாங்க. நான் படிக்கவே இல்லை! ஆங்கிலம் என்றதும் கண் தாண்டிப் போயிடுது. அகராதியை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தோம். 'இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடி ஆகவில்லை' என்று இருந்தது. பக்கத்தில் எத்தனை நாள் கழித்துச் செல்லும் என்றும் போட்டிருந்தது. ஆயிரத்துக்கும் மேல்!

அப்போதுதான் திரையில் தேதியைப் பார்த்தோம். சில வருஷம் பின்னாடி நின்றது. கிடங்கிலிருந்து வரும் பட்டியலில் தேதியும் ஒரு வகைக் கையெழுத்தும் இருக்கும். யாரும் போலிப் பட்டியலைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக ஆப்ட் இரண்டையும் சரிபார்க்கும். நம்ம கம்ப்யூட்டர் கணக்கில் அந்தப் பட்டியல் எதிர்காலத்தில் எழுதியது. அதனால் வாங்க மாட்டேன் என்றது. அதைத் திட்டினது தப்பு, அது ஒழுங்காத்தான் இருந்திருக்கு.

தேதி ஏன் பின்னாடி போச்சு? கரண்ட்டை நிறுத்தினாலும் நேரத்தை நினைவு வைக்க மதர்போர்டில் ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். பெயர் சிஆர் 2032. அந்த எண்ணிலேயே அளவு இருக்கு: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 3 வோல்ட். அது செத்துப்போச்சு. நெட் வந்ததும் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வசதியையும் யாரோ நிறுத்தி வைத்திருந்தாங்க. வாட்ச் ரிப்பேர் கடையில் புது பேட்டரி கிடைத்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு டீச்சர்தான் மாற்றினாங்க, நான் டார்ச் பிடித்தேன். தேதியைத் திருத்தினோம், அந்த வசதியையும் போட்டுவிட்டோம். அப்டேட் கடகடவென்று ஓடியது.

உடனே இன்ஸ்டால் கொடுத்தேன். 'பூட்டு கிடைக்கவில்லை' என்றது! அழுகையே வந்திடுச்சு. ஆனால் இந்தத் தடவை படித்தேன். தேதி சரியானதும் உபுண்டு தானாகவே வேறு எதையோ புதுப்பித்துக்கொண்டு இருந்தது. ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் உள்ளே வேலை பார்க்கலாம் என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. பூட்டுக் கோப்பை அழித்துவிடலாம் என்று பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருத்தர் சொன்னார். நான் கேட்கலை. பாதி வேலையில் அழித்தால் உள்ளே எல்லாம் குழம்பிடும். மதியச் சாப்பாடு முடித்து வந்தேன், பூட்டு தானாகத் திறந்திருந்தது. ஸ்டெல்லேரியம் ஏறிவிட்டது.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், கடைசிப் பிழை பிழை மாதிரியே வரலை. டீச்சர் போனை எடுத்துக்கொண்டு போனபின் நெட் இல்லாமல் திறந்தேன். வானம் அழகாக வந்தது. ஆனால் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில், பாதி உயரத்துக்கும் மேலே நின்றது. ஒரு ஊரின் அட்சரேகை எவ்வளவோ, அவ்வளவு பாகை உயரத்தில்தான் அது தெரியும். நம்ம ஊருக்கு 11 பாகை, அதாவது தென்னை மர உச்சியைத் தாண்டினாலே அதிகம். கீழே மூலையில் பார்த்தால் ஊர் 'பாரிஸ்' என்று இருந்தது! அதன் அட்சரேகை கிட்டத்தட்ட 49. நெட்டில் இடம் தெரியாவிட்டால் அது தான் பிறந்த நாட்டுக்கே போயிடும் போல. மற்றவை திரையில் சொல்லிவிட்டுத்தான் தப்பாச்சு. இது சொல்லாமலே தப்பாகக் காட்டியது, எனக்கு இதுதான் அதிகப் பயம். எஃப் 6 விசையை அழுத்தி நம்ம ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்துச் சேமித்தேன்.

பொங்கல் முடிந்த வாரம் ராத்திரி எட்டு மணிக்கு மைதானத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்தாங்க. திரையில் கார்த்திகைக் கூட்டம் தலைக்கு மேலே, கொஞ்சம் வடக்கே. நிமிர்ந்து பார்த்தோம், அங்கேயே இருந்தது. கிழக்கே சிவப்பாகத் திருவாதிரை, அதுவும் திரையில் காட்டிய இடத்தில். ஒரு குட்டிப் பையன், "அக்கா, கம்ப்யூட்டரைப் பார்த்து வானம் போட்டிருக்காங்களா?" என்று கேட்டான்.

அந்தக் கம்ப்யூட்டர் இப்போதும் மூலையில்தான் இருக்கு, பழைய சாமான் அறைக்குப் போகலை. பிழை வரிகளையும் அதன் தமிழ் அர்த்தத்தையும் ஒரு அட்டையில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கேன். உங்களுக்குப் புது வரி ஏதாவது வந்தால் அதன் கீழே எழுதிடுங்க, இடம் விட்டிருக்கு.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி