முதன்முறை வண்டி ஓட்டுவோர்க்கு

டில்லிவாழ் தமிழருக்குப் புசா ரோடு புதிய பெயரன்று. கரோல்பாக்கை ஒட்டிச் செல்லும் இச்சாலையில், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்று நம் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டி வருகிறது. சாலையின் மேலே 2005ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து மெட்ரோ ரயில் ஓடுகிறது; கீழே பஸ்களும் ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் நெருக்கியடித்துச் செல்கின்றன. இந்நெரிசலில் முதன்முறையாக வண்டியோட்ட விரும்புவோர் அறிய வேண்டியவை யாவை என்பதை இங்குக் காண்போம்.

ஊரை விட்டு வந்தோர்க்கு முதலில் எழும் ஐயம் ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் பெற்ற உரிமம் இங்கே செல்லுமா? செல்லும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, எந்த மாநிலத்தில் வழங்கிய உரிமமும் இந்தியா முழுவதற்கும் செல்லுபடியாகும். உரிமமே இல்லாதவரும் அதன்பொருட்டு ஊருக்குப் பிரயாணம் செய்ய வேண்டுவதில்லை. நாம் பிறந்த ஊர் எது என்று சட்டம் கேட்பதில்லை; இப்போது எங்கே வசிக்கிறோம் என்பதற்குரிய அத்தாட்சியையே கேட்கிறது. ஆதலின் வாடகை வீட்டில் குடியிருப்போர் முகவரிச் சான்றை முன்னதாகவே தேடி வைத்துக்கொள்வது நலம்.

உரிமம் இரண்டு படிகளில் கிடைக்கிறது. முதற்படி பழகுநர் உரிமம். நம் ஊரில் எல்.எல்.ஆர். என்று வழங்குவது இதுவே. ஆதார் எண் உடையவர் இதற்குரிய தேர்வை வீட்டிலிருந்தபடியே இணையவழி எழுதும் வசதி, டில்லியில் 2021ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தி இன்னும் கைவராதவர் ஆங்கிலத்தில் விடையளிக்கலாம்.

தேர்வில் சாலைக் குறிகளைப் பற்றியும் கேட்பர். இக்குறிகளுக்கு மொழியில்லை என்பது வேற்று மாநிலத்தில் வாழும் நமக்குப் பெரிய வசதி. வடிவத்தைக் கண்டே பொருளை உணரலாம். சிவப்பு விளிம்புள்ள வட்டம் தடையைக் கூறும்; சிவப்பு விளிம்புள்ள முக்கோணம் எச்சரிக்கும்; நீலப் பலகை செய்தி சொல்லும். எண்கோணமோ 'நில்' என்னும் ஆணை. அதனை மட்டும் வேறு வடிவில் அமைத்தமைக்குக் காரணமுண்டு. எழுத்து மறைந்தாலும், பின்புறமிருந்து நோக்கினாலும், அதனை அடையாளம் காண இயலும்.

பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். கிடைத்து முப்பது நாள் கழிந்த பின்னரே நிரந்தர உரிமத்திற்குரிய ஓட்டுத் தேர்வுக்குச் செல்லலாம். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து இருத்தல் வேண்டும். காரோட்டப் பழகுவோரின் பக்கத்தில், உரிமம் பெற்ற ஒருவர் வண்டியை நிறுத்தக்கூடிய நிலையில் அமர்ந்திருக்க வேண்டும். ஸ்கூட்டரில் பழகுவோர், கற்றுத் தருபவரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றலாகாது. தம்பியையோ தோழனையோ ஏற்றிச் செல்லுதலும் குற்றமே.

ஓட்டுத் தேர்வில் வேகத்திற்கு மதிப்பில்லை. ஏற்றத்தில் நிறுத்திய வண்டி பின்னுக்கு உருளாமல் புறப்படுகிறதா, பின்னோக்கிச் செலுத்தும்போது கட்டுப்பாடு குலையாதிருக்கிறதா, திரும்புமுன் சைகை காட்டுகிறோமா என்பவையே நோக்கப்படும். தானியங்கித் தேர்வுத் தளங்களில் காமிராக்களே இவற்றைக் கண்காணிக்கின்றன. தேறாதவர் மனம் தளர வேண்டுவதில்லை. சில நாள் பழகி மீண்டும் முயலலாம். இடைத்தரகரிடம் பணம் கொடுத்து உரிமத்தைப் பெற்றுவிடலாம் எனக் கருதுவோர், வண்டியை அடக்கும் திறனை எவரிடம் விலைக்கு வாங்குவர்?

பெற்றோர்க்கு ஒரு சொல். கார், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கு வயது பதினெட்டு நிறைய வேண்டும். பதினாறு வயதினர்க்கு உள்ள சலுகை, கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டுமே. இன்று தெருவில் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை இவ்வளவைக் கடந்தவை. "பக்கத்துக் கடைக்குத்தானே" என்று பள்ளிப் பிள்ளையிடம் சாவியைக் கொடுப்பதன் விளைவு கொடியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுவர் குற்றம் இழைத்தால் பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோ மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் அடைய நேரிடும். அப்பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுவரை உரிமமும் கிட்டாது. விபத்து நேர்ந்தால், காப்புறுதி நிறுவனம் தான் கொடுத்த நஷ்ட ஈட்டை வண்டியின் உடையவரிடமே வசூலிக்கக்கூடும். உத்தியோகத்தை நம்பி வெளியூரில் வாழும் குடும்பம் அச்சுமையைத் தாங்குமா?

இறுதியாக, விபத்தில் எவரேனும் காயமுற்றால், அவர்க்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், காவல் துறைக்கு அறிவிப்பதும் ஓட்டுநரின் சட்டக் கடமை. கூட்டத்திற்கு அஞ்சி ஓடுவது அறமன்று. உயிருக்கு ஆபத்தென்றால் அருகிலுள்ள காவல் நிலையத்தை நாடி, அங்கிருந்து உதவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். சாலையில் நடந்து செல்லும் முதியவரும், பள்ளி விட்டு வரும் குழந்தையும் நம் திறமையை நம்பியே குறுக்கே அடியெடுத்து வைக்கின்றனர். அந்நம்பிக்கைக்கு நாம் தகுதியுடையோம் என்பதற்கு அரசு தரும் அத்தாட்சியே ஓட்டுநர் உரிமம்.