கல்குடாவினின்று மலையருவிக்கு

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில், வாழைச்சேனைக்கு அணித்தாகக் கடலோரத்தில் அமைந்த ஊர் கல்குடா. ஒரு புறம் கடலும் மறுபுறம் களப்பும் வயலுமாகப் பரந்த இந்நிலத்திற் பிறந்து வளரும் மாணாக்கன் நீரை அறியாதவனல்லன். ஆயின் அவன் அறிந்த நீர் கிடக்கும் நீர். வீழும் நீரை அவன் படத்திலும் பாடநூலிலுமே கண்டிருப்பான். மாவட்டத்தின் எல்லைக்குள் பெயர்பெற்ற அருவி ஒன்றேனும் இல்லை. நெய்தலும் மருதமும் தன்பாற் கொண்ட நாடு, குறிஞ்சியைக் காணவேண்டின் ஊவாவை நோக்கவேண்டியதாயிற்று.

அங்ஙனம் நோக்கிச் செல்வோர் இன்று பலர். பாடசாலைகளிலிருந்தும் இளைஞர் மன்றங்களிலிருந்தும் ஆண்டுதோறும் குழுக்கள் புறப்படுகின்றன. ஆயினும் வண்டி வாடகையையும் மதிய உணவையும் பற்றிய ஆராய்ச்சியோடு ஏற்பாடு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. எப்பருவத்திற் செல்வது, எத்துணைத் தூரம் நடப்பது, எந்நேரத்தில் திரும்புவது என்னும் வினாக்கள் வழியிலே தோன்றி வழியிலேயே விடை பெறுகின்றன. இவை உயிரோடு தொடர்புடைய வினாக்கள். ஆதலின் அவற்றை ஈண்டுச் சிறிது விரித்து நோக்குவாம்.

முதற்கண், அருவிகள் ஏன் ஊவாவில் உள, இங்கில்லை என்பது. கனடா நாட்டுப் புவிச்சரிதவியல் அறிஞர் பிராங்க் டோசன் அடம்ஸ் 1929-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், இலங்கை மூன்று அரிப்புச் சமவெளிகளாகப் படிப்படியாக உயர்ந்துள்ளதென்று காட்டினார். அப்படிகள் எவ்வாறு தோன்றின என்பது பற்றிப் பின்வந்தோர் வேறுபட்டனர்; நிலம் பகுதி பகுதியாக மேலுயர்த்தப்பட்டது என்று டீ. என். வாடியா 1945-இற் கூறினார். காரணம் எதுவாயினும், படி இருப்பது கண்கூடு. மேற்படியில் அமைதியாக ஓடிவரும் ஆறு அதன் விளிம்பை அடைந்ததும் கடினப் பாறையினின்று கீழே பாய்கின்றது. பதுளையை அடுத்த துன்ஹிந்தை 64 மீற்றர். கொஸ்லாந்தைக்கும் வெல்லவாயாவுக்கும் இடைப்பட்ட தியலும 220 மீற்றர். நாட்டில் மிக உயர்ந்ததான பம்பரகந்த 263 மீற்றர். இவை யாவும் படிகளின் விளிம்புகளிலோ அவற்றின் சரிவுகளிலோ அமைந்தவை. மட்டக்களப்போ அடிப்படியின் கீழ்க்கோடியிற் கிடப்பது. இங்கு ஆறு பாய்வதற்கு இடமில்லை. பரந்து நிற்பதற்கே இடமுண்டு. மாதுறு ஓயா மலைநாட்டின் சரிவில் எவ்வளவு விரைந்து புறப்படினும், வாழைச்சேனைக் களப்பை அடையும்போது அசைவதும் தெரியாமல் அசைகின்றது.

இனிப் பருவம். இதுவே ஏற்பாட்டின் உயிர்நாடி. இதில்தான் நம்மவர் பெரிதும் வழுவுகின்றனர். கல்குடாவின் கடல் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையில் அமைதியாயிருக்கும். அக்காலத்தில் மேற்கே தென்மேல் பருவக்காற்றுப் பெய்யும் மழை மலைகளின் மறுபுறத்தே தங்கிவிட, ஊவாவின் மலைகளைக் கடந்து வறண்ட காற்றே நம்மிடம் வருகின்றது. அதனையே நாம் கச்சான் என்கின்றோம். (நிலக்கடலைக்கும் நாம் அப்பெயரையே வழங்குகின்றோம், காற்றுக்கும் கடலைக்கும் உறவு யாதென்பது மொழியாராய்ச்சியாளர்க்கு உரியது.) கச்சான் வீசும் ஆவணியில் ஊவாவின் கிழக்குச் சரிவிலுள்ள அருவிகள் மெலிந்திருக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரையிலோ வடகீழ்ப் பருவமழையால் அவை நிறைந்து முழங்கும்; அப்போது இங்கே கடல் கொந்தளிக்கும், தாழ்நிலச் சாலைகள் நீரில் மூழ்கும், மலைப்பாதைகள் சேறாகும். நமது கடல் நன்றாயிருக்குங்கால் அவர்களது அருவி வற்றியும், அவர்களது அருவி நிறைந்திருக்குங்கால் நமது வழி அடைபட்டும் இருக்கும். பாடசாலை விடுமுறைகளோ ஆவணியிலும் மார்கழியிலும் வருவன. இரண்டும் பொருந்தாக் காலங்கள். ஆகவே விடுமுறையைப் பார்த்துப் பயணத்தை வகுப்போர் பாறையை மட்டும் கண்டு திரும்புகின்றனர், அன்றேல் வெள்ளத்தைக் கண்டு அஞ்சுகின்றனர்.

மழை ஓய்ந்து, மலையில் ஊறிய நீர் இன்னும் வடிந்துகொண்டிருக்கும் தை மாதப் பிற்பகுதியும் மாசியும் தக்க காலம் என்பது எமது கருத்து. வார இறுதியோடு ஒரு பொது விடுமுறை சேர்ந்து வந்தால் மூன்று நாட்கள் கிடைக்கும். மகா சிவராத்திரியும் அப்பருவத்திலேயே வருமாயினும், இரவெல்லாம் விழித்தவரை மறுநாள் மலையேற்றுதல் தகாது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறை அடுத்த நிலையிற் கொள்ளத்தக்கது. ஆயின் பங்குனி சித்திரைகளிற் காலை வானம் தெளிந்திருந்து பிற்பகலில் இடியும் மின்னலும் தோன்றுவது வழக்கமாதலின், உயர்ந்த வெளியிடங்களையும் ஆற்றுப் படுகைகளையும் நண்பகலோடு நீங்கிவிடல் வேண்டும்.

அடுத்தது நடை. மணலில் நடந்து பழகிய கால் மலையில் நடக்கும் என்று எண்ணுவது தவறு. மணல் கணுக்காலை வருத்தும். ஏற்றம் நெஞ்சை வருத்தும். இறக்கம் முழந்தாளை வருத்தும். பயிற்சிக்கு நம் மாவட்டத்திலேயே ஒரு மலையுண்டு. கோறளைப்பற்றுத் தெற்கில், கிரானுக்கு மேற்கே காட்டிடையே தனித்து நிற்கும் குடும்பிமலை 534 மீற்றர் உயரமுடையது. முடிந்த குடும்பி போலுதலின் தமிழர் அப்பெயரிட்டனர். சிங்களத்தார் தொப்பியாகக் கண்டு தொப்பிகல என்றனர். ஆங்கிலேயரும் ஒரு பிரபுவின் தொப்பியாகவே கண்டு பேரன்ஸ் கப் என்றனர். ஒரே பாறையை மூவகை மாந்தரும் தலையோடு சேர்த்தே நினைத்தது வியப்புக்குரியது. மழைக்காலத்திற் கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் வழியாகச் செல்லும் சாலையை வெள்ளம் மூடிவிடுமாதலின் மாசி பங்குனியே இதற்கும் உகந்தது. 2007-ஆம் ஆண்டு யூலை வரையில் இம்மலை போர்க்களமாயிருந்தது. 2017-இல் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடியற்றதென அறிவிக்கப்பட்டதாயினும், காட்டினுட் காணும் இனந்தெரியாத உலோகப் பொருளைத் தொடாதிருத்தலே அறிவுடைமை. யானைகளும் அங்கே உலவுவன. விடியுமுன்னும் அந்திக்குப் பின்னும் அவ்வழியில் இருத்தல் கூடாது. அயலிலுள்ள மேய்ச்சற்றரைகளில் மாட்டுப்பட்டி வைத்திருப்போர் ஒற்றையடிப் பாதைகளை நன்கறிவர். அவர்களுள் ஒருவரைத் துணைக்கொண்டு செல்லல் வேண்டும்.

நடைக்கு எவ்வளவு நேரமாகும் என்பதைக் கணிக்க ஓர் எளிய வாய்ப்பாடு உண்டு. ஸ்கொத்லாந்து மலையேறியாகிய வில்லியம் நெயிஸ்மித் 1892-இல் வகுத்தது அது. சமநிலத்தில் 5 கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரம். அதன்மேல், ஏறும் உயரத்தில் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் மேலும் ஒரு மணி நேரம். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்குச் செல்லும் வழியைக் கொள்வோம். தூரம் ஏறத்தாழ 7 கிலோமீற்றர், ஏற்றம் ஏறத்தாழ 1000 மீற்றர். தூரத்துக்கு 1 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி 40 நிமிடம். ஆக மூன்று மணிக்கு மேல். யாத்திரிகர் அநுபவமும் இதனோடு ஒத்தே உள்ளது. ஆயின் இக்கணக்கு ஓய்வின்றி நடக்கும் திடகாத்திரர்க்கே உரியது. முப்பது மாணவர் கொண்ட குழுவுக்கு அரைப் பங்கேனும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஏனெனிற் குழுவின் வேகம் அதன் கடைசி மாணவனின் வேகமே. முன்னே ஓடுபவனுக்கு அல்ல, பின்னே வருபவனுக்கே நேரம் வகுத்தல் தலைவர் கடன்.

இக்கணக்கினின்று பெறுவதே திரும்பும் நேரம். இந்நாட்டில் ஆண்டு முழுவதும் ஞாயிறு ஆறு மணியை அடுத்தே மறைகின்றது. அந்தி ஒளியும் ஐரோப்பாவிற் போல நீடிப்பதில்லை. அரை மணிக்குள் இருள் மூடிவிடும். மலைச்சரிவின் கிழக்கே இருப்பவர்க்குக் கதிரவன் முகட்டின் பின் இன்னும் முன்னதாகவே மறைவான். ஆதலின், அருவியை அடைந்தாலும் அடையாவிட்டாலும் குறித்த மணிக்குத் திரும்புவது என்று புறப்படுமுன்னரே முடிவு செய்து எல்லார்க்கும் அறிவித்தல் வேண்டும். களைத்த பின்பு செய்யும் முடிவு பெரும்பாலும் ஆசையின் முடிவாகவே இருக்கும்.

இனி நீர். பாசிக்குடாக் கடலில் நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவே நிற்கும், அடியில் மணல், அலையும் சிறிது. அங்கு நீராடிப் பழகியோர்க்கு நீர் என்பது இரக்கமுடைய பொருளாகத் தோன்றும். அவர்கள் அருவித் தடாகத்தில் இறங்கும்போதுதான் இடர் விளைகின்றது. அருவி விழும் இடத்தில் நீர் குடைந்த ஆழம் கரையிலிருந்து தெரியாது. விழும் நீரோடு காற்றுங் கலந்து நுரைத்தலின் உடல் அங்கே மிதப்பது அரிது; விழும் நீரின் சுழல் நீந்துபவனை மீண்டும் அருவியின் அடிக்கே இழுக்கும். மலைநீரின் திடீர்க் குளிர் மூச்சைத் திணறச் செய்யும். கடல்நீரைவிட ஆற்றுநீர் அடர்த்தி குறைந்ததாதலின் மிதப்பு இயல்பாகவே குறைவு என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. எல்லையைச் சாலையோரத்திலுள்ள இராவணன் அருவி 25 மீற்றர் உயரமே உடையது; பார்வைக்கு எளியது; ஆயினும் அங்கு நீராடச் சென்று உயிரிழந்தோர் பலர். தியலுமவின் மேற்புறத்திலுள்ள தடாகங்களோ 220 மீற்றர் வீழ்ச்சியின் விளிம்பை அடுத்தவை. அவ்விடத்துப் பாசி படர்ந்த பாறையிற் கால் வழுக்கின் மறுமுறை வழுக்குவதற்கு வாய்ப்பில்லை.

இதனினும் கொடியது திடீர் வெள்ளம். குளிப்போர் தலைமேல் வெயில் எறிக்கும். பல கிலோமீற்றர் தொலைவில் ஆற்றின் தலைப்பகுதியில் மழை பெய்துகொண்டிருக்கும். தெளிந்த நீர் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், ஓசை தடித்தல், சற்றுமுன் வெளியே தெரிந்த கல் நீருள் மறைதல் ஆகியவை அறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டவுடன் உடைமைகளை விட்டுக் கரையேறல் வேண்டும். கழற்றிய பாதணிக்காக மீண்டும் இறங்கியவர் உளர். குழு நீரில் இருக்கும்போது ஆசிரியர் ஒருவர் நீரில் இறங்காது மேலோட்டத்தை நோக்கியே நிற்பது நன்று.

மழை மிகுந்த ஆண்டிற் சரிவுகளே நகர்வதுண்டு. 2014-ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29-ஆந் திகதி காலை, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு ஏற்பட்டுத் தொழிலாளர் வாழ்ந்த லயன்கள் புதையுண்டன. அவ்விடம் தியலுமவுக்குத் தொலைவிலன்று. நாம் இயற்கை வனப்பென்று கண்டு மகிழும் அச்சரிவுகளிலேயே நம் மொழி பேசும் மக்கள் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்து வாழ்கின்றனர். அவர்தம் வாசற்படிகளைக் கடந்தே அருவிக்குப் பாதை செல்லுமிடங்களும் உண்டு. அனுமதி பெற்று, ஓசையின்றிச் சென்று, மழை நிலையையும் பாதையையும் அவர்களிடமே வினவியறிதல் வேண்டும். எந்த வழிகாட்டி நூலினும் அவர்கள் சொல்லே நம்பத்தக்கது. புறப்படுமுன், வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை அறிக்கையையும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்ப்பது இன்றியமையாதது. எச்சரிக்கை உள்ளவிடத்து வண்டிக்குக் கொடுத்த முற்பணத்தை எண்ணி வருந்துதல் கூடாது.

வழியைப் பற்றி நீட்டிக்க வேண்டியதில்லை. கல்குடாவுக்குப் புகையிரதம் உண்டாயினும், 1924-இற் பதுளையை அடைந்த மலைநாட்டு இருப்புப்பாதைக்கும் நமது பாதைக்கும் நேர்த்தொடர்பு இல்லை. தீவின் நடுவைச் சுற்றியே செல்லவேண்டும். சாலையே தக்கது. செங்கலடியிற் பிரியும் பதுளை வீதி கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை வழியாக மலையேறுகின்றது. விடியுமுன் எழுந்து புறப்பட்டு, மகாஓயாவின் வெந்நீரூற்றுக்களைக் கண்டு, அன்று பதுளையிலே தங்கலாம். மறுநாட் காலை துன்ஹிந்தை. சாலையிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றரளவு நடை. பின்னர் எல்லை, ஓய்ந்தால் தெமோதரையில் இருப்புப்பாதை தன்னையே சுற்றித் தன் நிலையத்தின் அடியிற் புகும் விந்தையையும் காணலாம். மூன்றாம் நாட் காலை வெல்லவாயா வழியாகத் தியலும. அங்கிருந்து மொனராகலை, சியம்பலாண்டுவை, பொத்துவில் வழியாகக் கரையோரம் திரும்பும் கொழும்பு - மட்டக்களப்பு நெடுஞ்சாலை உளது. நேரங் குறைந்தோர் சியம்பலாண்டுவையில் அம்பாறைக்குப் பிரியும் வழியைக் கொள்வர். சென்ற வழியே மீளாது வட்டமாக மீளுதலின், மலையும் அடிவாரமும் கடற்கரையும் ஒரே பயணத்தில் அடங்கும்.

பொதி கட்டும் கலையை நாம் பிறரிடம் கற்க வேண்டுவதில்லை. கதிர்காமப் பாத யாத்திரை செல்லும் நம் முதியோர் உகந்தைமலை கடந்து, குமண, யால வனங்களூடாகப் பல நாள் நடக்கின்றனர். எங்கே நீர் கிடைக்கும், எங்கே இரவு தங்குவது, எவர் முன்னே செல்வது, எவர் பின்னே காப்பது என்பன யாவும் அவர்க்கு மனப்பாடம். சுமை குறைவாயிருத்தல் அவர்தம் முதல் விதி. ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று லீற்றர் நீர், புளி சேர்ந்த கட்டுச்சோறு, அவலும் பனங்கட்டியும், மழையங்கி, கைவிளக்கு, மாற்றுடை ஒன்று, வழுக்காத பாதணி, இவை போதும். ஈரக் காட்டின் அட்டைக்கு உப்பு, வறண்ட காட்டின் உண்ணிக்கு நீண்ட காற்சட்டை. பாம்பு தீண்டின் கீறுதலும் உறிஞ்சுதலும் கூடாது. கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, விரைந்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

இறுதியாக ஒரு தாள். செல்வோர் பெயர், நாள்தோறும் செல்லும் இடம், திரும்பும் நேரம், வண்டி எண், சாரதியின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி ஊரில் பொறுப்புள்ள ஒருவரிடம் கொடுத்தல் வேண்டும். மலைமடிப்புகளிற் கைத்தொலைபேசி அடிக்கடி செயலற்றுப் போதலின், குறித்த நேரத்துக்கு இரண்டு மணி கடந்தும் செய்தி வராவிடின் எந்தப் பொலிசு நிலையத்துக்கு அறிவிப்பது என்பதையும் அத்தாளிலேயே குறித்துவிடலாம்.