மீன் மிதப்பதும் திணறுவதும்

மீனின் சதையும் எலும்பும் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானவை. ஆயினும் குளத்து மீன் துடுப்பை லேசாக அசைத்தபடி ஒரே ஆழத்தில் நிற்கிறது. அதன் உடலுக்குள் உள்ள காற்றுப்பையே இதற்குக் காரணமாகும். இதை அறிந்துகொண்டால், மீன் மேலே வருவது எப்போது இயல்பு, எப்போது ஆபத்து என்பதை மீன் வளர்ப்போர் எளிதில் கண்டுகொள்ளலாம்.

காற்றுப்பை

கெண்டை மீனை ஆயும்போது, முதுகெலும்பை ஒட்டி இரண்டு அறைகள் கொண்ட வெள்ளை நிறப் பை ஒன்றைப் பார்க்கலாம். நன்னீர் மீன்களில் இது உடலின் பருமனில் சுமார் 7 சதவீதம் இருக்கும். கிணற்றில் வெறுங்குடம் மிதக்கிறது. நீர் நிறைந்ததும் மூழ்குகிறது. குடத்தைக் காற்று தாங்குவது போலவே மீனை இப்பை தாங்குகிறது.

மீன் கீழே இறங்கினால் நீரின் அழுத்தத்தால் பை சுருங்கும். மேலே ஏறினால் விரியும். அதற்கேற்ப மீன் காற்றைக் கூட்டியும் குறைத்தும் சரி செய்துகொள்கிறது. கெண்டை இனங்களில் பையிலிருந்து உணவுக்குழாய்க்கு ஒரு சிறு குழாய் செல்கிறது. மிகுதிக் காற்று அதன் வழியே வெளியேறும். ஜிலேபி மீனில் இக்குழாய் இல்லை. இரத்தத்தின் மூலமே காற்றின் அளவு மாறுகிறது.

கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடும். அந்தந்த ஆழத்தில் நிற்க இவற்றுக்கு அதிகச் சக்தி தேவைப்படுவதில்லை.

விடியற்காலை அறிகுறி

ஆகவே, மிதப்பதற்காக மீன் மேலே வந்து வாயைத் திறக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து மூடினால், நீரில் பிராணவாயு குறைந்துவிட்டது என்று பொருள். கை தட்டினால் நல்ல நிலையிலுள்ள மீன் கீழே ஓடிவிடும். திணறும் மீன் உடனே மேலே திரும்பிவிடும். ஆனால் விரால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீனாதலால், அது அவ்வப்போது மேலே வந்து போவது இயல்பே.

பகலில் பாசி பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவில் பாசியும் மீனும் அதைச் செலவிடுகின்றன. எனவே விடியலுக்குச் சற்று முன்பு அது மிகவும் குறைந்திருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருப்பது நல்லது; 3-க்குக் கீழே சென்றால் ஆபத்து. வானம் மந்தாரமாக உள்ள நாட்களிலும், சாணமும் தீவனமும் அதிகமாக இட்ட குளங்களிலும் இக்குறை ஏற்படும்.

செய்ய வேண்டியவை

உடனே தீவனத்தையும் எருவையும் நிறுத்த வேண்டும். பம்புசெட் மூலம் புது நீர் விடலாம். கிணற்று நீரில் பிராணவாயு குறைவாக இருக்கக்கூடும் என்பதால், உயரத்திலிருந்து சிதறி விழும்படி விடுவது அவசியம். புது நீர் இல்லையெனில் குளத்து நீரையே இறைத்து மீண்டும் குளத்தில் கொட்டலாம். மூங்கில் கழியால் மேல்நீரை அடித்துக் கலக்கலாம். அடிச்சேற்றைக் கிளறக் கூடாது. மீன் நெருக்கம் அதிகமாயின் பெரிய மீன்களைப் பிடித்து விற்றுவிடுவது நல்லது.

இறந்த மீன்களில் சில முதலில் அடியில் தங்கி, அழுகி வாயு உண்டான பிறகே மிதக்கும். எனவே முதல் நாள் மிதந்தவற்றை எண்ணி, இழப்பு அவ்வளவுதான் என்று இருந்துவிடக் கூடாது. அழுகும் மீன் எஞ்சிய பிராணவாயுவையும் குறைத்துவிடும். ஆதலால் அடுத்த இரண்டு, மூன்று நாட்களுக்குக் குளத்தைச் சுற்றிப் பார்த்து, மிதப்பவற்றை உடனுக்குடன் அகற்ற வேண்டும்.