இடமே இனம் காட்டும்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆங்கிலச் சொற்களைப் பெயர், வினை எனப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்தேன். முதலாண்டுத் தேர்வில் தோற்றேன். ஆய்வகத்தில்தான் விடை கிடைத்தது. வேதியியல் குறிப்பில் 'ஹீட் தி வாட்டர்'. இங்கே வாட்டர் பெயர்ச்சொல். தாவரவியல் குறிப்பில் 'வாட்டர் தி பிளான்ட்ஸ்'. அதே வாட்டர் வினைச்சொல்! 'தி ஹீட்' என்றால் ஹீட்டும் பெயராகிவிடும்.

தமிழில் 'நீரை', 'நீரால்' என உருபு ஏற்பது பெயர்; 'ஊற்றினான்' எனக் காலம் காட்டுவது வினை. அடையாளம் சொல்லோடே வரும். ஆங்கிலத்திலோ பெரும்பாலும் நிற்கும் இடமே இனத்தைச் சொல்லும்.

ஆகவே நண்பர்களே, சொல்லைத் தனியே நிறுத்தி, "நீ யார்?" என்று கேட்காதீர்கள். வாக்கியத்தில் வைத்து, "உனக்கு இங்கே என்ன வேலை?" என்று கேளுங்கள்.