அடுக்கு வீட்டாரும் அவர்தம் சங்கமும்

இந்திரனது பூஞ்சோலைக்கு நந்தனவனம் என்று பெயர் என்பதைப் புராணம் பயின்றோர் அறிவர். சென்னை மாநகரின் தென்பாகத்தில் அண்ணா சாலையை அடுத்துள்ள நந்தனம் என்னும் பகுதிக்கு அப்பெயர் வாய்த்த காரணமோ வேறு. 1952-ஆம் வருஷம் சித்திரையிற் பிறந்த தமிழ் வருஷம் நந்தன வருஷமாகும். அவ்வமயம் முதன்மந்திரியாயிருந்த இராஜாஜி அவர்கள், புதிதாக எழுந்த குடியிருப்பிற்கு அவ்வருஷத்தின் பெயரையே சூட்டினார் என்பர். அக்காலத்தில் நகர அபிவிருத்தி டிரஸ்டு இப்பக்கங்களில் மனைகள் வகுத்து வீடுகள் சமைத்து வந்தது. பக்கத்தேயுள்ள சி.ஐ.டி. நகர் அந்த டிரஸ்டின் பெயரை இன்றுந் தாங்கி நிற்கின்றது. 1961-இல் அந்த டிரஸ்டின் பணியை வீட்டு வசதி வாரியம் மேற்கொண்டது.

அன்று ஒரு மனையில் ஒரு வீடு. அதனைச் சூழ ஒரு மதில். மதிலுக்குள் ஒரு மாமரம், ஒரு கிணறு, ஒரு குடும்பம். இன்று அம்மதில் அப்படியேயிருக்க, அதனுள் பன்னிரண்டு குடும்பங்களும் இருபத்துநான்கு குடும்பங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வாழ்கின்றன. மாமரம் நின்ற இடத்தில் மோட்டார் வண்டிகள் நிற்கின்றன. கிணறிருந்த இடத்தில் ஆழ்குழாய் இறங்கியிருக்கின்றது. இம்மாற்றத்தால் விளைந்த புதியதொரு சபையே குடியிருப்போர் சங்கம். அதன் மாதக் கூட்டத்திற்குச் சென்றோர் பலரும், அயலார் இத்துணைச் சிறிய விஷயங்களுக்கு இத்துணைப் பெரிய சச்சரவிடுவதேன் என்று வியந்து திரும்புவர். அவை சிறிய விஷயங்களல்ல என்பதையும், அவற்றுட் பெரும்பாலானவை ஒரே வேரினின்று கிளைப்பன என்பதையும் விளக்குதலே இவ்வியாசத்தின் நோக்கம்.

அவ்வேர் யாதெனில், கிரயப் பத்திரத்தில் ஒரு வரியாக எழுதப்பட்டு, வாங்குவோரால் பெரும்பாலும் ஊன்றி வாசிக்கப்படாத 'பிரிக்கப்படாத பங்கு' என்பதாம். ஆறு கிரவுண்டு நிலத்தில் ஒரே அளவான பன்னிரண்டு வீடுகள் அடுக்கிக் கட்டப்பட்டன என்று கொள்வோம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. ஆகவே நிலம் 14,400 சதுர அடி. ஒவ்வொரு வீட்டாருக்கும் 1,200 சதுர அடி நிலம் உரியது. ஆனால் அந்த 1,200 அடி எது என்று எவரும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. வாயிற்படியிலும், மொட்டை மாடியிலும், சாக்கடை ஓடும் இடத்திலும், ஒவ்வோர் அங்குலத்திலும் பன்னிருவர்க்கும் பாத்தியதை உண்டு. வீட்டின் உட்புறம் தனியுடைமை. அதனைத் தாங்கும் தூணும், ஏறும் படியும், தண்ணீர் ஏறும் குழாயும், கழிவு இறங்கும் குழாயும் பொதுவுடைமை. முன்னோர் காலத்தில் அண்ணன் தம்பியரே பாகம் பிரித்துக்கொண்டு விலகிய நாட்டில், ஒருவரையொருவர் முன்பின் அறியாத பன்னிரண்டு குடும்பத்தார், என்றும் பாகம் பிரிக்கலாகாத சொத்தொன்றினுக்குக் கூட்டாளிகளாகின்றனர். இவர்களுக்குள் பிணக்கு நேராதிருந்தாலன்றோ ஆச்சரியம்!

இந்நிலையை உணர்ந்தே சட்டமியற்றுவோர் 1994-இல் தமிழ்நாட்டிற்கென அடுக்குமாடி வீட்டுரிமைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றினர். எனினும் பெரும்பாலான சங்கங்கள் 1975-ஆம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிந்துகொண்டோ, யாதொரு பதிவுமின்றியோ காலங் கழித்தன. பின்னர் 2022-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது.

இனிப் பிணக்குகளைக் காண்போம். முதலாவது, மாதச் சந்தா. வீட்டின் பரப்புக்கு ஏற்பத் தண்டுவதா, வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகத் தண்டுவதா? பெரிய வீட்டார் சமம் நியாயம் என்பர். சிறிய வீட்டார் பரப்பே நியாயம் என்பர். தரைத்தளத்தார் எழுந்து, "யாம் லிப்டில் ஏறுவதேயில்லை, அதன் செலவில் எமக்குப் பங்கேன்?" என்று வினவுவர். இதற்கு விடை மேற்சொன்ன வேரிலேயே இருக்கின்றது. தரைத்தளத்தார் லிப்டில் ஏறாராயினும், மேல்தளத்தார் தோட்டத்தில் உலாவாராயினும், லிப்டும் தோட்டமும் இருவர்க்கும் சொந்தமே. அனுபவிப்பதற்கன்று, உடைமைக்கே செலவு. ஆயினும், லிப்டின் மின்சாரச் செலவை மட்டும் மேல்தளத்தாரிடையே பகிர்ந்து, பழுது பார்க்கும் செலவை யாவரும் ஏற்பது பிணக்குத் தீர நல்ல வழியென்பது என் அபிப்பிராயம். எம்முறையாயினும், எழுதி வைக்கப்பட்ட முறையாக இருத்தல் வேண்டும். காரியதரிசி மாறுந்தோறும் மாறும் முறை முறையன்று.

சந்தாவைப் பற்றி மற்றொன்று. சங்கத்தின் வருஷ வரவு 20 லட்சம் ரூபாயை மிஞ்சி, ஒரு வீட்டின் மாதச் சந்தாவும் 7,500 ரூபாயைக் கடக்குமாயின் சரக்கு சேவை வரி உண்டு. முழுத் தொகைக்கும் வரியா, மிகுதிக்கு மட்டுமா என்பது வழக்காயிற்று. மிகுதிக்கே என்று 2021-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இரண்டாவது, தண்ணீர். சென்னைவாசிக்கு இதனைவிடக் கூரிய விஷயம் பிறிதில்லை. அண்ணா சாலைக்கு மேற்கே பரந்து கிடந்த நீண்ட ஏரியைத் தூர்த்தே 1920-களில் தியாகராய நகர் வகுக்கப்பட்டது. ஏரியை மனையாக்கிய ஊர், நீருக்கு லாரியை எதிர்நோக்குவதில் விந்தையில்லை. 2003-இல் அரசாங்கத்தார் கட்டிடம் யாவற்றிலும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினர். அவ்வமயம் பலர் உண்மையாகவே செய்தனர். சிலர் அதிகாரிகள் வந்து காண ஒரு குழாயை மண்ணில் நட்டு வைத்தனர். சேகரிப்புக் குழியில் மணலும் கூழாங்கல்லும் இரண்டு மூன்று வருஷங்களுக்கொருமுறை கழுவப்படாவிடின் அது நீரை உண்ணாது. அக்கழுவுதல் எவர் கடமையென்று குறிக்கப்படாத சங்கங்களில் அது நடைபெறுவதேயில்லை. 2019-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிப்போயின. அப்பொழுது அடுக்கு வீடுகளில் வேளை குறித்துத் தண்ணீர் விடப்பட்டது. இருவர் வாழும் வீட்டிற்கும் எழுவர் வாழும் வீட்டிற்கும் லாரித் தண்ணீரின் கிரயம் ஒன்றேயென்னும் முறை, அதுவரை ஒருவராலும் வினவப்படாமலிருந்து, அவ்வேனிலிற் சண்டையாக வெடித்தது. வீடுதோறும் நீரளக்கும் மீட்டர் வைப்பதே இதற்கு மாற்று. பழைய கட்டிடங்களிலோ ஒரே வீட்டுக்குச் சமையலறைக்கொரு குழாயும் குளியலறைக்கொரு குழாயுமாக மாடியிலிருந்து பல குழாய்கள் இறங்குகின்றன. ஒரு மீட்டரால் ஆவதில்லை. ஆகவே மீட்டருக்குச் செலவு மிகும்.

நீர் இல்லாமையாற் போல நீர் மிகுதியாலும் தொல்லையுண்டு. 2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதியிரவு அடையாற்றில் வெள்ளம் புரண்டு, கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, நந்தனத்தின் தாழ்ந்த பகுதிகள் ஆகியவற்றிற் புகுந்தது. கீழ்த்தளத்தில் நின்ற வண்டிகள் மூழ்கின. நிலத்தடித் தொட்டிகளில் சாக்கடை நீர் கலந்தது. மோட்டார்களும் மின்சாரப் பலகைகளும் நீருள் அமிழ்ந்தன. கட்டிடத்தின் மின்சாரப் பலகையையும் ஜெனரேட்டரையும் கீழ்த்தளத்தில் வைத்தால் வெள்ளத்தில் முதலிற் கெடுவன அவையே என்பதை அன்று அனைவரும் கற்றனர். அதன்பின் அவற்றை மேலே உயர்த்தியவர் சிலர். பொதுச் செலவுக்குச் சம்மதம் கிட்டாமையால் அவ்விடத்திலேயே விட்டவர் பலர்.

இனி ஒழுக்கு. மேல் வீட்டாரின் குளியலறையினின்று கீழ் வீட்டாரின் கூரையில் நீர் கசிவது எங்குமுள்ள நோய். கசிவு எவ்விடத்தினின்று பிறக்கின்றதோ அவ்விடத்துக்குரியவரே செலவேற்கவேண்டுமென்பது பொது நியாயம். மேல் வீட்டாரின் தளத்தினின்றாயின் அவர். பல வீடுகட்குப் பொதுவான இறங்கு குழாயினின்றாயின் சங்கம். இதிலுள்ள இடர்ப்பாடு, துன்பம் ஒருவருக்கும் அதனைத் தீர்க்கும் வழி மற்றொருவர் வீட்டுக்குள்ளும் இருப்பதே. கூரையில் ஈரம் ஊறினால் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருவேறிப் பருக்கின்றது. பருத்த கம்பி சிமெண்டைப் பிளந்து தள்ளுகின்றது. எனவே இஃது இருவர் சண்டையென்று மற்றையோர் வாளாவிருத்தல் தகாது. அக்கம்பி பன்னிருவர் கட்டிடத்தின் கம்பியன்றோ!

வண்டி நிறுத்துமிடத்தைப் பற்றி நீள எழுத வேண்டுவதில்லை. தூண்களின் இடையேயுள்ள திறந்த நிறுத்துமிடத்தைக் கட்டிடம் கட்டுவோர் தனிப்பொருளாக விற்கலாகாது என்று, பம்பாய் வழக்கொன்றில், மஹாராஷ்டிர மாகாணச் சட்டத்தை ஆராய்ந்து 2010-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016-ஆம் வருஷத்து மத்தியச் சட்டமும் திறந்த நிறுத்துமிடங்களைப் பொதுவிடமென்றே வகுத்தது. நாய் வளர்ப்பதைச் சங்கம் பெரும்பான்மை வாக்கினாலும் தடுக்கலாகாது என்று 2015-இல் இந்தியப் பிராணிகள் நல வாரியம் அறிவித்தது. நாயை இழுத்துச் செல்வோர் அது விட்டுச் செல்வதை அகற்றவேண்டுமென்பதையோ வாரியம் சொல்லித்தான் தெரிய வேண்டுவதில்லை.

மேற்கூறிய யாவற்றினும் சங்கங்களைப் பெரிதும் உடைப்பது கணக்கு. பத்து வருஷம் உழைத்த பொக்கிஷதார் ஒரு ரசீதைக் காட்ட இயலாமையால் கள்வரெனப்படுவதும், மெய்யாகவே கையாடினவர் உரத்த குரலால் தப்புவதும் உண்டு. இவ்விஷயத்தில் நம் முன்னோர் நம்மினும் கண்டிப்பாயிருந்தனர். முதற் பராந்தக சோழனது 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், ஏறக்குறைய 919-இலும் 921-இலும், உத்திரமேரூர்ச் சபையார் வெட்டுவித்த சாஸனங்கள், ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலையால் ஆளெடுக்கும் விதியைக் கூறுகின்றன. ஊர் முப்பது குடும்புகளாக வகுக்கப்பட்டது. வாரியத்தார்க்குக் காலம் 360 நாள். அண்மையில் மூன்று வருஷங்களுக்குள் வாரியஞ் செய்தவர் மீண்டும் நிற்கலாகாது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவர் நிற்கலாகாது என்பதோடு, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கலாகாது என்று சாஸனம் விதிக்கின்றது. அச்சபை ஒரு சாராரின் சபையென்பதும், பெண்டிர்க்கும் நிலமில்லாதார்க்கும் அதில் இடமில்லையென்பதும் மறக்கற்பாலனவல்ல. எனினும், நந்தனத்துச் சங்கமொன்று அதன் பொறுப்பாளரை வருஷந்தோறும் மாற்றி, கணக்கை மாதந்தோறும் படிக்கட்டின் அருகே ஒட்டி வைக்குமாயின், பாதி வழக்கு ஒழியும்.

இடமில்லாதார் என்றதும் ஒன்று கூறவேண்டியதாகின்றது. வீட்டுக்காரரே சங்கத்தின் அங்கத்தினர். வாடகைக்கு இருப்போர்க்கு வாக்கில்லை. நம் கல்லூரி மாணவர் பலரும் கற்று முடித்துச் சென்னையிற் குடியேறுங்கால் முதலில் வாடகைக்காரராகவே வருவர். விவாகமாகாத இளைஞர்க்கு வீடு விடோம் என்னும் தீர்மானத்தை அவர்கள் எதிர்ப்பட நேரும். குடியிருப்பவர்க்குத் தண்ணீர், மின்சாரம் முதலிய இன்றியமையாதவற்றை வீட்டுக்காரரோ, சொத்தை நிர்வகிப்பவரோ நிறுத்தலாகாது என்று தமிழ்நாட்டின் 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் கூறுவதை அவர்கள் அறிந்துவைத்தல் நலம். பாத்திரந் துலக்க வரும் பெண்மணியும், காவற்காரரும், குப்பை அள்ளுபவரும் சந்தாதாரரும் அல்லர், வாடகைக்காரரும் அல்லர். ஆனால் லிப்டில் அவர்கள் ஏறலாகாதென்று அறிவிப்பு ஒட்டுங் கட்டிடங்கள் உள. நான்காம் தளத்து வேலைக்கு முதுகு வலியோடு படியேறி வருபவரிடம் வேலை வாங்குவோர், தரைத்தளத்தார் லிப்டுக்குப் பணங் கொடாதது அநீதியென்று அதே கூட்டத்தில் வாதிடுவர். காவற்காரர்க்குக் கழிப்பறை வேண்டுமென்பது ஒரு சங்கத்தின் நிகழ்ச்சி நிரலில் எப்பொழுது இடம்பெற்றதென்று தேடிப் பார்த்தால், அச்சங்கத்தின் தன்மை விளங்கிவிடும்.

இறுதியாக, இப்பகுதியில் இன்று பெரிதாக எழுந்துள்ள பிரச்சினை கட்டிடத்தின் முதுமை. நாற்பது ஐம்பது வருஷத்திற்கு முன் லிப்டின்றிக் கட்டப்பட்ட மூன்று மாடிக் கட்டிடங்கள் தளர்ந்துவருகின்றன. அவற்றினை வாங்கியோரும் உடன் முதிர்ந்துள்ளனர். கட்டிடத்தின் மதிப்புத் தேயத் தேய, நிலத்தின் மதிப்பு ஏறுகின்றது. 2019-ஆம் வருஷத்துக் கட்டிட விதிகள், நிலப்பரப்பில் ஒன்றரை மடங்காக இருந்த கட்டிடப் பரப்பின் வரம்பை இருமடங்காக உயர்த்தியமையால், இடித்துப் புதிதாகக் கட்ட முன்வரும் முதலாளிகள் மிகுந்தனர். முன்னர் இடிப்பதற்கு அனைவரது சம்மதமும் வேண்டியிருந்தது. ஒருவர் மறுப்பினும் காரியம் நின்றது. புதிய சட்டமோ மூன்றில் இருபங்கினர் சம்மதித்தாற் போதும் என்கின்றது. பன்னிரண்டு வீட்டில் எண்மர் இசைந்தால், நால்வர் இசையாமலே வீட்டை விடவேண்டும்.

இவ்விதி நன்றா, தீதா? ஒரு பிடிவாதக்காரர் பதினொருவரைச் சிதிலமான கூரையின்கீழ் நிறுத்தி வைத்த கொடுமையும் உண்டு. ஆனால் இசையாத நால்வரில் ஒருவர் எழுபத்தெட்டு வயதான கைம்பெண்ணாயிருக்கலாம். புதுக் கட்டிடத்தில் அவருக்குப் பெரிய வீடு கிடைக்கும் என்பது மெய். அது முடியும் வரை இரண்டு மூன்று வருஷம் அவர் எங்கே வாழ்வது? முதலாளி தரும் வாடகை எத்தனை மாதத்திற்கு, வேலை தாமதித்தால் எவர் தருவது, புது வீட்டின் சந்தா அவருடைய ஓய்வூதியத்தில் அடங்குமா, பிரிக்கப்படாத பங்கு பழைய 1,200 அடியினின்று எவ்வளவாகக் குறையும் என்பன கையெழுத்துக்கு முன்னர் கேட்கப்படவேண்டிய கேள்விகள். கட்டிடம் உயர்ந்து வீடுகள் பெருகினால், நிலம் வளராதாகையால் ஒவ்வொருவர் பங்கும் சுருங்கும். பன்னிரண்டு இருபத்துநான்கானால் 1,200 அடி 600 அடியாகும். இக்கணக்கை அப்பெரியவளுக்குப் பக்கத்து வீட்டார் ஒருவர், முதலாளியின் ஆள் வருமுன்னர், மாலையில் உட்கார்ந்து தமிழில் எழுதிக் காட்டலாம். அதற்குச் சட்டப்படிப்பு வேண்டுவதில்லை. பெருக்கலும் வகுத்தலும் போதும்.