வயிற்று வலியும் வானத்து வட்டமும்!

"டாக்டர், பரீட்சைன்னாலே இவளுக்கு வயிறு வலிக்குது. நடிக்கிறாளோன்னு சந்தேகமா இருக்கு!"

பத்தாம் வகுப்பு படிக்கும் மகளை அழைத்து வந்த ஒரு தாய், வந்ததும் வராததுமாக இப்படிச் சொன்னார். பெண் தலை நிமிரவே இல்லை. நாடி, நாக்கு, வயிறு எல்லாம் பார்த்தேன். நோய் என்று சொல்ல எதுவும் தென்படவில்லை. காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை.

"வலி வந்து, மருந்தில்லாமல் தானாக நின்ற நாள் ஏதாவது உண்டாம்மா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"கணக்கு திருப்புதல் தேர்வு அன்னிக்கு டாக்டர். காலையில இருந்தே வலி. மத்தியானம் ஹாலுக்கு வெளியே நின்னுட்டிருந்தப்ப யாரோ 'மேல பாருங்கடி'ன்னு கத்தினாங்க. சூரியனைச் சுத்திப் பெரிய வட்டம்! மரத்தடியில நின்னு எல்லாரும் பார்த்தோம். கணக்கு மிஸ் கூட வந்து பார்த்தாங்க. மணி அடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது... வலியைக் காணோம்!"

"பார்த்தீங்களா, நடிப்புதான்!" என்றார் தாய்.

இல்லீங்க. அந்த வலி நிஜம். அது நின்றதும் நிஜம். எப்படி என்கிறீர்களா?

வட்டம் எப்படி வருகிறது?

நிலாவைச் சுற்றி வந்தால் 'கோட்டை கட்டியிருக்கு' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதேதான் பகலில் சூரியனைச் சுற்றியும் வருகிறது. தரையிலிருந்து 6 கிலோமீட்டருக்கும் மேலே, மெல்லிய திரை போன்ற மேகங்களில் அறுகோண வடிவ பனித்துகள்கள் மிதக்கின்றன. அவற்றுக்குள் நுழையும் ஒளி சுமார் 22 டிகிரி வளைந்து வெளியேறும்போது வட்டம் தெரிகிறது. கையை முழுக்க நீட்டி விரல்களை விரித்தால் ஒரு சாண். சூரியனுக்கும் வட்டத்துக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான்! 2021 மே 24 அன்று பெங்களூரு நகரமே இதை அண்ணாந்து பார்த்தது. இது கெட்ட சகுனம் அல்ல. சில சமயம் மழைக்கு முன்னால் வரும், அவ்வளவே.

வயிற்றுக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம்?

பயம் வந்தால் வாயு நிலைகெட்டுக் குடலைப் பிடிக்கும் என்பது சித்த மருத்துவத்தின் பார்வை. மூளையும் குடலும் நரம்புகளால் பின்னிக் கிடக்கின்றன, பதற்றத்தில் குடலின் அசைவு மாறுகிறது, சாதாரண அசைவு கூட வலியாக உணரப்படுகிறது என்கிறது நவீன மருத்துவம். 'வலிக்குமோ, மறந்துபோகுமோ' என்று மனம் உள்ளேயே சுற்றச் சுற்ற வலி ஏறும். தன்னைவிடப் பெரிய ஒன்றைக் கண்டு மனம் மலைக்கும்போது அந்தச் சுற்று அறுபடுகிறது. மூச்சு நிதானமாகிறது, தசைகள் தளர்கின்றன.

2015-இல் வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தில் சில மாணவர்களை உயர்ந்த யூகலிப்டஸ் மரங்களை ஒரே நிமிடம் அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். வேறு சிலரை அருகிலிருந்த உயரமான கட்டடத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு ஒருவர் தவறவிட்ட பேனாக்களைப் பொறுக்கிக் கொடுப்பதில் மரத்தைப் பார்த்தவர்களே முந்தினார்கள். 'நான், என் கவலை' என்பது ஒரு நிமிடத்திலேயே கொஞ்சம் சுருங்கிவிடுகிறது, பாருங்கள்!

நீங்கள் செய்ய வேண்டியது

* தினமும் மாலை 10 நிமிடம் பிள்ளையோடு மொட்டை மாடிக்குப் போங்கள். புத்தகம், செல்போன், மார்க் பேச்சு மூன்றும் கீழேயே இருக்கட்டும்.
* பதற்றம் வரும்போது மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொல்லுங்கள்.
* பரீட்சை நாளில் பட்டினி வேண்டாம். இரண்டு இட்லி, வெதுவெதுப்பான சீரகத் தண்ணீர் போதும். கள்ளிச்சொட்டாய் காபி வேண்டாம்.
* இரவு 8 மணி நேரத் தூக்கத்தைப் பரீட்சைக்காக வெட்டாதீர்கள்.
* சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. கூலிங் கிளாஸ் போட்டாலும் விழித்திரை கெடும். சூரியன் மரத்துக்கோ கட்டடத்துக்கோ பின்னால் மறைந்திருக்கும்படி நின்று, வட்டத்தை மட்டும் பாருங்கள்.

காய்ச்சல், வாந்தி, எடைக் குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி... இவற்றில் ஒன்று இருந்தாலும் மனக்கவலை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளை சாப்பாட்டையும் பேச்சையும் குறைத்துக்கொண்டு ஒதுங்கினால், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம்.

முக்கியமாக, 'நடிக்காதே' என்று மட்டும் சொல்லாதீர்கள். வலியோடு இருக்கும் பிள்ளைக்கு அது இரண்டாவது வலி.

ஒரு மாதம் கழித்து அந்தத் தாய் மகளோடு மறுபடி வந்தார். "தினமும் மாடிக்குப் போறோம் டாக்டர். வட்டம் ஒரு நாளும் வரலை. காக்காதான் வருது!" என்று சிரித்தார்.

"வலி?" என்றேன்.

"பரீட்சை அன்னிக்குக் கொஞ்சம் எட்டிப் பார்த்துச்சு. நிஜமா வலிக்குதாம்மான்னு கேட்டு, பக்கத்துல உட்கார்ந்தேன். சாப்பிட்டுட்டுப் போயிட்டா."

பெண் இந்த முறை நிமிர்ந்து பார்த்தாள்.